படுத்துவிட்ட எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்: எந்த மென்பொருளை, எந்த வரிசையில் ஓட்டுவது?

யூஎஸ்பியில் செருகியதும், ஃபார்மேட் செய்தால்தான் இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முடியும் என்கிறது விண்டோஸ். அல்லது டிரைவ் எழுத்து வருகிறது, திறந்தால் மேலே பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கிறது, ஃபைல் ஒன்றும் வரவில்லை. இந்த நிலையில் பெரும்பாலோர் 'டேட்டா ரெக்கவரி சாஃப்ட்வேர்' என்று தேடி, முதலில் கிடைப்பதை இறக்கி, ஸ்கேன் பட்டனை அழுத்திவிட்டுத் தூங்கப் போகிறார்கள். டிஸ்க் நல்ல உடம்போடு இருந்து ஃபைல் மட்டும் அழிந்திருந்தால் அதில் தப்பில்லை. டிஸ்க்கே நோயாளி என்றால், பிழைக்கவேண்டிய ஃபைலும் போவது அந்த ஒரு இரவில்தான்.

ரெக்கவரி மென்பொருள்களை ஒப்பிட்டு எழுதுபவர்கள் எத்தனை ஃபைல் கண்டுபிடித்தது என்று எண்ணி மார்க் போடுகிறார்கள். ஆரோக்கியமான பென் டிரைவில் பத்து ஃபோட்டோவை அழித்துப் பார்க்கும் சோதனைக்கு அது போதும். பழுதான டிஸ்க்குக்கு வேறு கேள்விகள் கேட்கவேண்டும். ஒரு செக்டர் (டிஸ்க்கில் டேட்டா எழுதப்படும் சின்னக் கட்டம்) படிக்க வராதபோது இந்த மென்பொருள் அங்கேயே நின்று முட்டுகிறதா, தாண்டிப் போகிறதா? பாதியில் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடருமா? ஒருமுறை படித்ததை மறுபடி படிக்கச் சொல்லி டிஸ்க்கை வதைக்குமா? இந்தக் கேள்விகளை வைத்துப் பார்த்தால் விளம்பரத்தில் முன்னால் நிற்பவை பின்னுக்குப் போய், கறுப்புத் திரையில் ஓடும் ஒரு இலவசக் கருவி முன்னுக்கு வருகிறது.

மென்பொருளுக்கு முன்னால் காது

செருகியதும் டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேளுங்கள். சீராகச் சுழலும் 'ம்ம்ம்' என்ற ஓசை மட்டும் வந்தால் தொடரலாம். 'டக்... டக்... டக்...' என்று ஒரே தாளத்தில் தட்டிவிட்டு நின்றுபோனால், பெரும்பாலும் ஹெட் (தட்டிலிருந்து டேட்டாவைப் படிக்கும் முனை) பழுது. 'பீப்... பீப்...' என்று மெல்லிய முனகல் வந்தால், பெரும்பாலும் ஹெட் தட்டின் மேல் ஒட்டிக்கொண்டு மோட்டாரைச் சுழலவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கீழே விழுந்த 2.5 இன்ச் டிஸ்க்குகளில் இதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். இந்த இரண்டு சத்தத்துக்கும் எந்த மென்பொருளும் மருந்தல்ல. பிடுங்கி வைத்துவிட்டு 'லேபுக்குக் கொடுப்பதானால்' என்ற பகுதிக்குப் போங்கள்.

ஃப்ரீசரில் வைப்பது, மேசையில் தட்டுவது, மூடியைக் கழற்றி ஹெட்டை விரலால் நகர்த்துவது ஆகிய மூன்றும் இன்னும் வீடியோக்களில் உலவுகின்றன. ஹெட் தட்டுக்கு மேலே பறக்கும் உயரம் சில நானோமீட்டர்தான். விரல் ரேகையின் எண்ணெய்ப் பிசுக்கும், ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் பூக்கும் ஈரமும் அதற்கு மலை.

சத்தமே இல்லை, விளக்கும் எரியவில்லை என்றால் முதல் சந்தேகம் கேபிள்மேல். அகலமான மைக்ரோ-பி பின் கொண்ட யூஎஸ்பி 3.0 கேபிள்கள் ஒன்றிரண்டு வருடத்தில் தளர்ந்துவிடும். முன்பக்கப் போர்ட்டையும் ஹப்பையும் தவிர்த்து, கம்ப்யூட்டரின் பின்பக்கப் போர்ட்டில் வேறொரு குட்டைக் கேபிளால் செருகிப் பாருங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. சுழலத் தொடங்கும் கணத்தில் 2.5 இன்ச் டிஸ்க்குக்கு இதன் விளிம்பு வரை தேவைப்படும். வயர் மெலிந்தால் அங்கேயே தடுக்கிவிடும்.

தனி அடாப்டர் உள்ள 3.5 இன்ச் டிஸ்க்கில் இன்னொரு விபத்து உண்டு. பின் பொருந்துகிறதே என்று 12 வோல்ட் இடத்தில் லேப்டாப்பின் 19 வோல்ட் சார்ஜரைச் செருகிவிடுவார்கள். போர்டில் உள்ள டிவிஎஸ் டயோடு அந்த அடியைத் தாங்கி ஷார்ட் ஆகி, மற்றதைக் காப்பாற்றிவிடும். பார்ப்பதற்கு டிஸ்க் செத்ததுபோல் இருக்கும். மல்டிமீட்டரில் அந்த டயோடு இரண்டு பக்கமும் பூஜ்யம் ஓம் காட்டினால், சால்டரிங் தெரிந்த கை அதைக் கழற்றியதுமே டிஸ்க் எழுந்துவிடுவது உண்டு. அந்தப் பாதுகாப்பு போய்விட்ட டிஸ்க்கை, டேட்டாவை நகலெடுக்கும் வரை சரியான அடாப்டரில் மட்டும் ஓட்டவேண்டும்.

அதே மாடல் போர்டை வாங்கி அப்படியே மாட்டினால் ஓடாது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் போர்டில் ஒரு சிறு ரோம் சிப்பில் இருக்கின்றன. அந்தச் சிப்பைப் பெயர்த்துப் புதுப் போர்டில் ஒட்டவேண்டும்.

டப்பாவைத் திறக்கலாமா

பிளாஸ்டிக் உறையைத் திறக்கலாம், டிஸ்க்கின் உலோக மூடியைத் தொடக்கூடாது. உறையைத் திறப்பதில் லாபம் இருக்கிறதா என்பது கம்பெனியைப் பொறுத்தது. சீகேட்டின் கையடக்க டிஸ்க்குகளில் பெரும்பாலும் உள்ளே சாதாரண சாட்டா டிஸ்க்கும் (கம்ப்யூட்டருக்குள் நேரடியாக இணைக்கும் வகை), அதன் முனையில் செருகிய ஒரு குட்டி யூஎஸ்பி போர்டும் இருக்கும். அந்தக் குட்டிப் போர்டுதான் பழுது என்றால், டெஸ்க்டாப்பின் சாட்டா போர்ட்டில் நேரடியாகச் செருகியதும் வேலை முடிந்தது. பழுது அங்கே இல்லாவிட்டாலும் சாட்டாவில் நேரடியாகப் போடுவதே மேல். நடுவில் யூஎஸ்பி சிப் இருந்தால், டிஸ்க் பதில் சொல்லத் தாமதிக்கும்போதெல்லாம் அது பொறுமை இழந்து இணைப்பை அறுத்துவிடும்.

வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் வேறு ரகம். சாட்டா முனையே கிடையாது, யூஎஸ்பி முனை டிஸ்க்கின் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். டோஷிபா கான்வியோவிலும் பல மாடல்கள் இப்படித்தான். மை பாஸ்போர்ட், மை புக் வரிசைகளில் பல மாடல்கள், நீங்கள் பாஸ்வேர்டு வைக்காவிட்டாலும், எழுதுவதையெல்லாம் சிப்பிலேயே என்கிரிப்ட் செய்துதான் வைக்கின்றன. மை புக்கின் உள்ளிருக்கும் 3.5 இன்ச் டிஸ்க்கை எடுத்து சாட்டாவில் மாட்டினால் வெறும் குப்பை எண்கள் தெரிவது அதனால்தான். எனவே உறையிலிருந்து வந்த குட்டிப் போர்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பூட்டின் சாவி அதோடு பிணைந்திருக்கிறது.

இன்னொரு பொறி: சில பெரிய 3.5 இன்ச் உறைகள் 512 பைட் செக்டரை 4096 பைட் செக்டராக மாற்றிக் காட்டும். உறையில் இருந்தபோது எழுதிய பார்ட்டிஷன், சாட்டாவில் போட்டதும் தெரியாமல் போகும். டேட்டா போகவில்லை, கணக்கு மாறியிருக்கிறது. அவ்வளவுதான்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ: இரண்டு நிமிட வேலை

இலவசம், விண்டோஸில் ஓடும். டிஸ்க் தன்னைப்பற்றி வைத்திருக்கும் ஸ்மார்ட் கணக்கை எடுத்துக் காட்டும். பார்க்கவேண்டிய வரிகள் நான்குதான். 05 என்பது ஏற்கெனவே ஒதுக்கி மாற்றிய செக்டர்கள். சி5 என்பது படிக்க வராமல் தீர்ப்புக்காகக் காத்திருப்பவை. சி6 கைவிடப்பட்டவை. சி7 கேபிளில் வரும் பிழை. சி7 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்கைக் குறைசொல்லாமல் கேபிளை மாற்றுங்கள்.

பலர் ஏமாறும் ஒரு இடம்: கடைசிப் பத்தியில் வரும் எண்கள் பதினாறடிமான எண்கள். சி5க்கு நேராகப் பூஜ்யங்களின் கடைசியில் 'ஏ8' என்று இருந்தால் அது 168 செக்டர். மெனுவில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொண்டால் குழப்பம் இல்லை. சி5 பத்து இருபதில் நிற்கிறதா, ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஏறுகிறதா என்பதே முக்கியம். ஏறிக்கொண்டிருந்தால் டிஸ்க்குக்கு மிச்சம் இருப்பது மணிக்கணக்கு, நாள்கணக்கு அல்ல.

டிடிரெஸ்க்யூ: இதற்குத்தான் அதிக இடம்

அந்தோனியோ தியாஸ் தியாஸ் எழுதிவரும் குனு டிடிரெஸ்க்யூ ஃபைலைத் தேடாது, பார்ட்டிஷனைப் புரிந்துகொள்ளாது. டிஸ்க்கின் முதல் செக்டரிலிருந்து கடைசிச் செக்டர் வரை நகலெடுப்பதுதான் அதன் ஒரே வேலை. அந்த வேலையை நோயாளி டிஸ்க்கில் இவ்வளவு நிதானமாகச் செய்யும் இலவசக் கருவிகள் அரிது.

முதல் சுற்றில் எளிதாக வருவதை மட்டும் அள்ளும். ஒரு இடத்தில் பிழை வந்தாலோ வேகம் விழுந்தாலோ அந்தப் பகுதியைத் தாண்டிக் குதிக்கும், தொடர்ந்து மோசமாக இருந்தால் குதிக்கும் தூரத்தைக் கூட்டும். அடுத்த சுற்றில் பின்பக்கத்திலிருந்து வரும். பிறகுதான் விட்டுப்போன பகுதிகளின் ஓரங்களைச் சீவி, கடைசியில் ஒவ்வொரு செக்டராகச் சுரண்டும். அதற்குள் நல்ல பகுதி முழுவதும் பத்திரமாக வெளியே வந்திருக்கும். சாதாரண ரெக்கவரி மென்பொருள் இதற்கு நேர்மாறு. முதல் கெட்ட செக்டரிலேயே நின்று முட்டிக்கொண்டிருக்கும்.

எது வந்தது, எது வரவில்லை என்ற கணக்கை மேப் ஃபைல் என்ற சிறு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிக்கொண்டே போவது இதன் உயிர்நாடி. கரண்ட் போனாலும், டிஸ்க் நடுவில் காணாமல் போனாலும், அதே கமாண்டை அதே மேப் ஃபைலோடு மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மேப் ஃபைலைக் கொடுக்காமல் ஓட்டுவது இந்தக் கருவியை வாங்கி வாசலில் விட்டுவிட்டு வருவது மாதிரி.

லினக்ஸ் தெரியாதவர்களும் இதை ஓட்டலாம். சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லைவ் லினக்ஸை ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு ஒரு பென் டிரைவில் எழுதி அதிலிருந்து பூட் செய்தால் டிடிரெஸ்க்யூ உள்ளேயே இருக்கும். உபுண்டுவில் நிறுவுவதானால் பேக்கேஜின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ. நடுவில் கோடு போட்ட 'டிடி_ரெஸ்க்யூ' வேறொருவர் எழுதிய வேறு கருவி, அதன் ஆப்ஷன்கள் இதற்குப் பொருந்தாது.

நகலை வைக்க, பழைய டிஸ்க்கைவிடப் பெரியது ஒன்று வேண்டும். 1 டிபி டிஸ்க் என்றால் 1,95,35,25,168 செக்டர். இன்னொரு 1 டிபி டிஸ்க்கில் ஃபார்மேட்டுக்குப் போனது போக இவ்வளவு இடம் மிஞ்சாது. 2 டிபி வாங்குங்கள். அதை என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மேட் செய்து வைத்தால் பிறகு விண்டோஸில் திறக்க வசதி. எஃப்ஏடி32 கூடாது, ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட அது விடாது.

எல்எஸ்பிஎல்கே என்ற கமாண்டைக் கொடுத்தால் டிஸ்க்குகளின் பட்டியல் அளவோடு வரும். எது நோயாளி, எது புதியது என்று அளவைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கமாண்டின் வரிசை இது: டிடிரெஸ்க்யூ, ஹைபன் டி, ஹைபன் என், பழைய டிஸ்க், இமேஜ் ஃபைலின் (டிஸ்க்கின் முழு நகலும் சேரும் ஃபைல்) பெயர், மேப் ஃபைலின் பெயர். டி (d), என் (n) இரண்டும் சின்ன எழுத்து. டி போட்டால் லினக்ஸின் கேஷைத் தாண்டி நேராக டிஸ்க்கிலிருந்து படிக்கும். என் போட்டால் சுரண்டும் கட்டத்துக்குப் போகாமல் நிற்கும். மூலம் முன்னால், நகல் பின்னால். இது மாறினால் எல்லாம் போச்சு. இமேஜை ஃபைலாக எடுப்பதில் ஒரு பாதுகாப்பும் உண்டு. டிடிரெஸ்க்யூ ஒரு முழு டிஸ்க்கின் மேல் எழுத வேண்டுமானால் ஹைபன் எஃப் கொடுத்தே ஆகவேண்டும், ஃபைலில் எழுத அது வேண்டாம். எஃப் இல்லாமல் ஓட மறுக்கிறது என்றால், வரிசையை மாற்றிக் கொடுத்துவிட்டோமா என்று அங்கேயே பாருங்கள்.

யூஎஸ்பியில் ஓட்டும்போது டிஸ்க் நடுவில் அறுந்து திரும்ப வந்தால், லினக்ஸ் அதற்கு வைத்த பெயர் எஸ்டிபியாக (sdb) இருந்தது எஸ்டிசியாகிவிடும் (sdc). பெயர் மாறியதைக் கவனிக்காமல் பழைய கமாண்டைத் தட்டினால் வேறு டிஸ்க்கைப் படிக்க ஆரம்பித்து, ஒரே இமேஜில் இரண்டு டிஸ்க்கின் டேட்டா கலந்துவிடும். 'பை-ஐடி' ஃபோல்டருக்குள் டிஸ்க்கின் சீரியல் எண்ணோடு கூடிய பெயர் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

திரையில் ஓடுவதில் பார்க்கவேண்டியவை: எத்தனை சதவீதம் வந்தது, இப்போதைய வேகம், கடைசியாக ஒன்றைப் படித்து எவ்வளவு நேரமாயிற்று. நல்ல டிஸ்க் விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் ஓடினால் 1 டிபி மூன்று மணி நேரத்துக்குள் முடியும். யூஎஸ்பி 2.0 போர்ட்டில் 30 எம்பி என்றால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். நோயாளி டிஸ்க் நாட்கணக்கில் எடுக்கலாம். ஒரு சின்ன மேசை விசிறியை டிஸ்க்கின்மேல் திருப்பிவையுங்கள், 50 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, ஆனால் அடாப்டரில் ஓடும் 3.5 இன்ச் டிஸ்க் கரண்ட் போன நொடியில் ஹெட்டை மடக்கி நின்றுவிடும். ஒவ்வொரு முறை நின்று எழுவதும் அதற்கு ஒரு கண்டம், ஆகவே யூபிஎஸ்ஸில் போடுங்கள்.

கடைசியாகப் படித்த நேரம் நிமிடங்களாக ஏறிக்கொண்டே போனால், அல்லது சத்தம் மாறினால், கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்துங்கள். டிஸ்க்கை ஆறவிட்டு, ஹைபன் பெரிய ஆர் போட்டுப் பின்பக்கத்திலிருந்து ஓட்டலாம். சின்ன ஆர் போட்டால் அர்த்தமே வேறு: ஆர்3 என்றால் கெட்ட செக்டர்களை மூன்று முறை மறுபடி முயல். அதைக் கடைசியில், முக்கியமானவை எல்லாம் கைக்கு வந்த பிறகு மட்டும் கொடுங்கள்.

மிகவும் மோசமான டிஸ்க்கில் எதை முதலில் எடுப்பது? விண்டோஸ் ஃபார்மேட் செய்த என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில், ஃபைல்களின் பெயரும் இருப்பிடமும் அடங்கிய எம்எஃப்டி பெரும்பாலும் பார்ட்டிஷன் தொடக்கத்திலிருந்து 3 ஜிபி தூரத்தில் தொடங்கும். ஆகவே ஹைபன் எஸ் கொடுத்து முதல் 10 ஜிபியை மட்டும் முதலில் நகலெடுத்துவிட்டால், பெயர்ப்பட்டியல் பெரும்பாலும் கைக்கு வந்துவிடும். பிறகு டிடிஆர்யூடிலிட்டி என்ற துணைத்தொகுப்பைக் கொண்டு, டிஸ்க்கில் நிரம்பிய பகுதிகளுக்கு மட்டும் ஒரு மேப் தயாரித்து அதை டிடிரெஸ்க்யூவுக்குக் கொடுக்கலாம். 1 டிபியில் 300 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது என்றால், காலியான 700 ஜிபிக்காக டிஸ்க்கின் ஆயுளைச் செலவழிப்பானேன்?

மேப் ஃபைலை டிடிரெஸ்க்யூவியூ என்ற சிறு மென்பொருளில் திறந்தால் டிஸ்க் முழுவதும் கட்டம் கட்டமாகத் தெரியும். வந்தது பச்சை, கெட்டது சிவப்பு. சிவப்பு ஓரிரு இடத்தில் குவியலாக இருந்தால் தட்டில் கீறலோ உள்ளூர்ச் சேதமோ. சேலை பார்டர் மாதிரி ஒரே இடைவெளியில் வரிவரியாக வந்தால் ஒரு ஹெட் செத்துக்கொண்டிருக்கிறது. வரிகளைப் பார்த்தால் நிறுத்திவிடுங்கள். ஹெட் வாரியாகத் தேர்ந்து படிக்கும் வசதி ரெக்கவரி லேபிடம் இருக்கிறது, டிடிரெஸ்க்யூவிடம் இல்லை.

குறை என்றால்: எல்லாம் கமாண்டில். தப்பாகத் தட்டினால் கேள்வி கேட்காது. டிஸ்க் பதில் சொல்லாமல் உறைந்துபோனால் அதற்குக் கரண்டை நிறுத்தி எழுப்பும் வசதி இல்லை, கையால் பிடுங்கிச் செருகவேண்டும். இருந்தும், இதற்கு மாற்றாகப் பணம் கொடுத்து வாங்கவேண்டிய மென்பொருள் ஒன்றும் இல்லை.

இமேஜ் கைக்கு வந்தபின்: டிஎம்டிஇ, ஆர்-ஸ்டுடியோ, டெஸ்ட்டிஸ்க்

இனி பழைய டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். இமேஜ் ஃபைலில் எத்தனை முறை தப்பு செய்தாலும் நஷ்டம் நேரம் மட்டும்தான்.

முதலில் டிஎம்டிஇ. நிறுவவேண்டாம், ஜிப்பைப் பிரித்து ஓட்டலாம். தொடக்கத் திரையிலேயே டிஸ்க் இமேஜைத் திறக்கும் வழி இருக்கிறது. முகப்பு அழகில்லை, இருபது வருடத்துக்கு முந்தைய சாமான் போலத் தெரியும். ஆனால் பார்ட்டிஷன் பட்டியலில் அது காட்டும் ஒற்றை எழுத்துகள் பெரிய அறிக்கைக்குச் சமம்: பி (B) என்பது பூட் செக்டர் (பார்ட்டிஷனின் விவரம் அடங்கிய முதல் செக்டர்), சி (C) அதன் நகல். பி கெட்டு சி நன்றாக இருந்தால், ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டதற்குக் காரணம் அந்த ஒரே செக்டர்தான். என்டிஎஃப்எஸ் தன் பூட் செக்டரின் நகலைப் பார்ட்டிஷனின் கடைசிச் செக்டரில் வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட டிஸ்க்குகளில் ஃபோல்டர் அமைப்பு, பெயர், தேதி எல்லாம் அப்படியே வரும். தமிழில் பெயரிட்ட ஃபோல்டர்களும் எழுத்துச் சிதையாமல் வரும். பூட் செக்டரோடு எம்எஃப்டியும் அடிபட்டிருந்தால் ஃபுல் ஸ்கேன் ஓட்டவேண்டும்.

இலவசப் பதிப்பின் கட்டுப்பாடு நியாயமானது. திறந்து வைத்திருக்கும் ஒரு ஃபோல்டரிலிருந்து ஒரு தடவைக்கு 4,000 ஃபைல் வரை எடுக்கலாம். ஃபோல்டர் ஃபோல்டராகப் போகும் பொறுமை இருந்தால் கல்யாண ஆல்பம் முழுவதும் காசில்லாமல் வந்துவிடும்.

ஆர்-ஸ்டுடியோ காசுக்கு. விண்டோஸ் பதிப்பின் உரிமம் 80 டாலரை ஒட்டி இருக்கும். மேக்கில் ஃபார்மேட் செய்த டிஸ்க், லினக்ஸ் டிஸ்க், பிட்லாக்கர் (விண்டோஸின் என்கிரிப்ஷன் பூட்டு) போட்ட டிஸ்க் என்று வந்தால் இதற்குப் போகலாம். பிட்லாக்கருக்கு அதன் பாஸ்வேர்டோ 48 இலக்க மீட்புச் சாவியோ கட்டாயம். சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இரண்டும் இல்லாவிட்டால் எந்த மென்பொருளாலும் ஆகாது. வாங்குமுன் டெமோவில் ஸ்கேன் செய்து, நாலைந்து பெரிய ஃபோட்டோக்களை முன்னோட்டத்தில் திறந்து பாருங்கள். பெயர் வருவது வேறு, படம் வருவது வேறு. பெயரை மட்டும் பார்த்துக் காசு கட்டி ஏமாறுவதற்கு எந்த மென்பொருளையும் குறைசொல்ல முடியாது.

டெஸ்ட்டிஸ்க் தொலைந்த பார்ட்டிஷனைக் கண்டுபிடிப்பதில் கெட்டி. அனலைஸ், குவிக் சர்ச், பிறகு பார்ட்டிஷன் மேல் பி (P) அழுத்தினால் ஃபைல் பட்டியல், சி அழுத்தினால் நகல். அதே திரையில் 'ரைட்' என்றும் ஒன்று இருக்கிறது. இமேஜின் இன்னொரு பிரதி கையில் இல்லாமல் அதை அழுத்தவேண்டாம்.

ஃபோட்டோரெக்: கடைசி வலை

ஃபைல் சிஸ்டமே அழிந்துபோன இமேஜில், டெஸ்ட்டிஸ்க்கோடு சேர்ந்து வரும் ஃபோட்டோரெக்கை இறக்கலாம். ஜேபெக் எப்படித் தொடங்கும், பிடிஎஃப் எப்படித் தொடங்கும் என்ற அடையாளங்களை வைத்து அள்ளும். பெயரும் ஃபோல்டரும் போய்விடும். 'அக்கா கல்யாணம்' என்ற ஃபோல்டர், எஃப் என்ற எழுத்தும் ஒரு செக்டர் எண்ணுமாக ஆயிரக்கணக்கான ஃபைல்களாகச் சிதறும். டி (t) என்ற எழுத்தில் தொடங்குபவை ஃபோட்டோவுக்குள் இருந்த குட்டிப் படங்கள், அவற்றை முதலில் கழித்துவிடுங்கள். தொடங்குமுன் ஃபைல்ஆப்ட் பகுதியில் எஸ் அழுத்தி எல்லா வகைகளையும் எடுத்துவிட்டு, தேவையான நாலைந்தை மட்டும் டிக் செய்யுங்கள். டெக்ஸ்டை விட்டுவைத்தால் குப்பை மூட்டை மூட்டையாக வரும். வந்த ஃபோட்டோக்களை எக்ஸிஃப்டூல் கொண்டு எடுத்த தேதிவாரியாக அடுக்கினால் பாதிக் குழப்பம் தீரும். கேமரா வீடியோக்கள் துண்டு துண்டாக எழுதப்பட்டிருந்தால் அவற்றை இதனால் கோக்க முடியாது.

தமிழ் டாக்குமென்ட்களுக்கு ஒரு விசேஷத் தொல்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய வேர்ட் ஃபைல்கள் பெயரிழந்து வந்தால், உள்ளடக்கத்தை வைத்துத் தேடலாம் என்று 'தமிழ்' என்று தட்டினால் ஒன்றும் கிடைக்காது. பாமினியில் அந்தச் சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளாகத்தான் கிடக்கிறது. தேடவேண்டிய பெயரை பாமினி விசைப்படியே, ஆங்கிலத்தில் தெரியும்படி தட்டித் தேடவேண்டும். ஊர்ப் பெயர், வீட்டுப் பெயர் என்று இரண்டு மூன்று சொற்களுக்கு இப்படித் தேடினாலே பத்திரங்களும் கடிதங்களும் பிரிந்துவிடும்.

ஓட்டக்கூடாதவை

விண்டோஸோடு வரும் செக்டிஸ்க். ஃபைல் சிஸ்டத்தை முரண்பாடு இல்லாமல் ஆக்குவது அதன் வேலை, உங்கள் ஃபைலைக் காப்பது அல்ல. படிக்க முடியாத பதிவை வெட்டி எறிந்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்று சொல்லும், மிச்சத்தை ஃபவுண்ட்.000 என்ற ஃபோல்டரில் கொட்டும். இமேஜ் எடுக்குமுன் இதை ஓட்டினால் டிஎம்டிஇக்குத் துப்புக் கிடைக்காது.

ரெகுவா நல்ல டிஸ்க்கில் தவறி அழித்த ஃபைலுக்கு ஏற்றது, அதோடு சரி.

'ஃபார்மேட்' என்று கேட்டபோது 'சரி' அழுத்திவிட்டவர்களுக்கு: அந்த நொடியே பிடுங்குங்கள். இப்போதைய மெலிதான 2.5 இன்ச் டிஸ்க்குகளில் பல எஸ்எம்ஆர் ரகம் (தடங்களை ஒன்றின்மேல் ஒன்று சற்று ஏறும்படி எழுதுபவை), அவற்றில் சில ட்ரிம் கட்டளையை (இந்த இடங்கள் இனி வேண்டாம் என்று டிஸ்க்குக்குச் சொல்வது) ஏற்கும். குவிக் ஃபார்மேட் செய்ததும் விண்டோஸ் ட்ரிம் அனுப்பிவிட்டால், பழைய இடங்களைப் படிக்கும்போது டிஸ்க் வெறும் பூஜ்யங்களையே தரும். 'குவிக் ஃபார்மேட்தானே, எடுத்துவிடலாம்' என்ற பழைய நம்பிக்கை இந்த டிஸ்க்குகளில் செல்லாது.

லேபுக்குக் கொடுப்பதானால்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சாட்டா கேபிள், டாக், புது டிஸ்க் எல்லாம் ஒரே நடையில் வாங்கிவிடலாம். எல்லா ஊரிலும் இப்படி ஒரு கடைவீதி உண்டு, அங்கே 'டேட்டா ரெக்கவரி' போர்டுகளும் தொங்கும். அதில் பாதி, மேலே சொன்ன மென்பொருள்களையே நேரடியாக உங்கள் டிஸ்க்கில் ஓட்டுபவை. பிரித்தறிய மூன்று கேள்விகள் போதும். முதலில் இமேஜ் எடுத்து அதில்தான் வேலை செய்வீர்களா? பிசி-3000 அல்லது அதுபோன்ற ரெக்கவரி லேப் கருவி இருக்கிறதா? ஹெட் மாற்றவேண்டியிருந்தால் எங்கே வைத்துத் திறப்பீர்கள், ஹெட்டைத் தானம் தரும் டோனர் டிஸ்க்கின் விலை யார் தலையில்? முதல் கேள்விக்கே 'அதெல்லாம் எதுக்கு சார், நூறு பர்சன்ட் வந்துடும்' என்று பதில் வந்தால் டிஸ்க்கை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ஹெட் மாற்ற, அதே மாடல் மட்டுமல்லாமல் லேபிளில் உள்ள பார்ட் நம்பரும் கிட்டத்தட்ட அதே தயாரிப்புக் காலமும் ஒத்த இன்னொரு டிஸ்க் வேண்டும். அந்த டிஸ்க் பலியாகிவிடும். செலவு அதனால்தான். ஃபைல் சிஸ்டம் கோளாறு என்றால் சில ஆயிரம் ரூபாயில் முடிவது, ஹெட் வேலையில் பல பத்தாயிரமாகிவிடும். கொடுக்குமுன் டிஸ்க்கின் சீரியல் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக் கட்டணம், வராவிட்டால் கட்டணம் உண்டா, டேட்டாவை எத்தனை நாளில் அழிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். முழுப் பணம் கொடுக்குமுன் ஃபைல் பட்டியலையும் நீங்கள் சொல்லும் சில ஃபைல்களைத் திறந்தும் காட்டச் சொல்லலாம், ஒழுங்கான லேப் இதற்கு முகம் சுளிக்காது. சீகேட்டின் சில எக்ஸ்டெர்னல் டிஸ்க்குகளோடு ரெஸ்க்யூ என்ற மீட்புச் சேவை சேர்ந்தே வரும், காலக்கெடு முடியவில்லை என்றால் வெளியே காசு கொடுக்குமுன் அட்டைப்பெட்டியைப் பாருங்கள்.

வந்ததில் எது முழுசு?

டிடிரெஸ்க்யூ 99.87 சதவீதத்தில் நின்றது என்று வைத்துக்கொள்வோம். 1 டிபியில் விடுபட்டது 1.3 ஜிபி. அது எந்தெந்த ஃபைலில் விழுந்தது என்று பெயர் பார்த்துத் தெரியாது, ஃபைலின் அளவும் சரியாகவே காட்டும். ஜேபெக்கில் என்றால் படம் பாதியில் சாம்பல் நிறமாக நிற்கும். வீடியோவில் நடுவே ஒரு விநாடி கலங்கும். ஜிப்பில் என்றால் திறக்கவே மறுக்கலாம்.

இதற்கும் டிடிரெஸ்க்யூவிலேயே வழி இருக்கிறது. ஃபில் மோட் என்ற ஆப்ஷனில், மேப் ஃபைலில் கெட்டது என்று குறித்த செக்டர்களில் மட்டும், நீங்கள் தரும் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதிவிடும். வேறெங்கும் வராத நீளமான சொல்லாகக் கொடுங்கள். இமேஜின் ஒரு பிரதியில் இதைச் செய்து, டிஎம்டிஇயால் ஃபைல்களை வெளியே எடுத்து, கிரெப் என்ற தேடல் கமாண்ட் கொண்டு அந்தச் சொல் உள்ள ஃபைல்களைத் தேடினால், காயம்பட்டவற்றின் பட்டியல் பெயரோடு வந்துவிடும். பட்டியலில் இருப்பவற்றுக்கு வாட்ஸ்அப்பிலோ, சொந்தக்காரர் மெயிலிலோ, ஸ்டுடியோக்காரரிடமோ வேறு பிரதி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். அந்த வேலை முடியும் வரை பழைய டிஸ்க்கையும் முதல் இமேஜையும் மேப் ஃபைலையும் அழிக்கவேண்டாம்.